கலர் மாஸ்டர் வைத்த வெள்ளை

"நிறத்துல என்னை ஏமாத்த இன்னும் ஒருத்தன் பொறக்கல."

இந்தப் பிரகடனம் பெயிண்ட் கடையின் உட்புறத்தில், டப்பாக்களைக் குலுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், நாள்தோறும் ஒரு முறையாவது வெளியிடப்படும். வெளியிடுபவர் கலர் மாஸ்டர். பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று அவருக்கும் உண்டு. அது சம்பளக் கணக்கில் மட்டும் உயிர் வாழ்ந்தது. மற்றபடி முதலாளியிலிருந்து எதிர்க் கடை டீக்காரர் வரை எல்லோருக்கும் அவர் கலர் மாஸ்டர்தான். சுவரிலிருந்து பெயர்த்த நகமளவு சில்லு ஒன்றைக் கொண்டுபோய் நீட்டினால் போதும். வாசல் வெளிச்சத்தில் ஒரு தரம், உள்ளே ட்யூப் லைட்டில் ஒரு தரம் திருப்பிப் பார்ப்பார். பிறகு கம்ப்யூட்டர் சொல்லும் கலவையை ஏளனமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அதுக்கென்ன தெரியும், அதுக்குக் கண்ணா இருக்கு?" என்று கேட்டபடி கறுப்பில் ஒரு சொட்டும் காவியில் அரைச் சொட்டும் கூட்டுவார். பூசிக் காய்ந்ததும் பழைய சுவர் எங்கே முடிந்தது, புதியது எங்கே தொடங்கியது என்று கட்டியவனுக்கே தெரியாது. இப்படிப்பட்டவர் கொஞ்சம் அளந்துவிட்டால் யார் என்ன சொல்ல முடியும்?

மற்றவர்கள் உலகத்தைப் பார்த்தார்கள். மாஸ்டர் அதைச் சரிபார்த்தார். அந்தி வானத்தில் ஆரஞ்சு தூக்கல் என்பார். பக்கத்து வீட்டுக்காரர் ஆசை ஆசையாக வாங்கிய வெள்ளைக் காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "வெள்ளையா? முட்டை ஓடு" என்று தீர்ப்பளித்தார். மருத்துவமனையில் தங்கை தன் குழந்தையைக் காட்டியபோது, நெடுநேரம் உற்றுப் பார்த்து, "கலவை நல்லா வந்திருக்கு" என்றார். தங்கை வெகுநாள் பேசவில்லை.

இத்தகைய கண்கள் குடியிருந்த வீட்டில்தான் டிவி வாங்க வேண்டிய நெருக்கடி வந்தது. மாஸ்டருக்கு அல்ல, அவர் மனைவிக்கு.

மனைவி வீட்டிலிருந்தபடியே ஒரு பதிப்பகத்துக்குப் பாடப் புத்தகப் பக்கங்களை அமைத்துக் கொடுப்பவள். முக்கோணத்தை அதற்குரிய இடத்தில் உட்காரவைப்பது, தவளையின் வயிற்றைத் திறந்து உறுப்புகளுக்கு அம்புக்குறி போடுவது, இதயத்தின் அறைகளுக்குச் சிவப்பும் நீலமும் பூசுவது எல்லாம் அவள் கைவேலை. சாப்பாட்டு மேசையில் சின்ன லேப்டாப்பை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் குனிந்தே கிடந்ததில், கழுத்து ஒரு நாள் கோபித்துக்கொண்டது. முதலில் வலி, பிறகு விரல் நுனி வரை மரமரப்பு.

"குனியிறத நிறுத்துங்க" என்றார் டாக்டரம்மா. "ஸ்க்ரீன் கண்ணுக்கு நேரா, பெருசா, கொஞ்சம் தள்ளி இருக்கணும். முடியாதுன்னா இந்த வேலைய விட்டுடுங்க."

வேலையை விடுவதை, உப்பைக் குறைப்பதுபோலச் சொல்லிவிட டாக்டர்களால்தான் முடியும். மனைவி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் வாய் திறந்தாள்.

"விட்டுட்டு நான் என்னங்க பண்ணுவேன்? நாற்காலியாவது யாராவது வந்து உக்காந்தா உபயோகப்படும்."

மாஸ்டர் அந்தக் கணமே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

குனிந்தால் பறிபோகக்கூடியது வேலை மட்டுமல்ல; லாரியும்தான். மனைவிக்கு ஒரு அக்கா, வேறு ஊரில். பேங்க்கில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்காவும் தங்கையும் சாயங்காலமானால் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, விளையாட்டில் ஆளுக்கொரு சரக்கு லாரியில் ஏறிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக மலைச்சாலையில் போவார்கள். நிஜத்தில் இருவருக்கும் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. "ஹாரன் அடிக்கா, முன்னாடி டேங்கர்!" என்ற அலறல் ஜன்னல் தாண்டிக் கேட்டுக் கேட்டு, குடும்பத்துக்குப் போக்குவரத்துத் தொழில் இருப்பதாகத் தெருவே நம்பியது. எதிர் வீட்டுக்காரர் வீடு மாற்றும்போது வாடகை என்ன ஆகும் என்று விசாரித்தும் விட்டார். அன்றிலிருந்து மனைவிக்கு லாரிக்காரம்மா என்று பட்டம்.

முதலில் பெரிய மானிட்டரின் விலையைத்தான் விசாரித்தார்கள். "இதுல வீடும் சேத்தா?" என்று கேட்டுவிட்டு மாஸ்டர் வெளியே வந்துவிட்டார். அதே அளவு டிவி என்றால் பாதியில் முடியும் என்று அக்காதான் சொன்னார்: "டிவியையே கம்ப்யூட்டருக்குப் போட்டுக்கலாம்டி. ஆனா பாத்து வாங்கு. எழுத்து பிசிறடிக்கக் கூடாது. ஸ்டியரிங்கத் திருப்பினா வண்டி அப்பவே திரும்பணும், யோசிச்சு யோசிச்சுத் திரும்பக் கூடாது."

ஊர்ச் சுவர்களையெல்லாம் பளபளக்கவைத்த மாஸ்டரின் சொந்தச் சுவர் உப்புப் பூத்துக் கிடந்தது. அதைப் பூசவென்று எடுத்துவைத்த பணம் டிவிக்குப் போனது. இன்னொரு தரம் வாங்க வழியில்லை. பெட்டியைப் பிரித்துவிட்டால் கடையிலும் திரும்ப எடுக்கமாட்டார்கள். ஆக, ஒரே ஒரு தடவைதான் தேர்ந்தெடுக்கலாம். சரியாகத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

இருவரும் கடைக்குப் போனார்கள். மனைவியின் பையில் லேப்டாப்பும் கேபிளும். மாஸ்டரின் சட்டைப்பையில் பெயிண்ட் கம்பெனியின் நிற அட்டை.

டை கட்டிய விற்பனையாளர் ஓடிவந்தார். "வாங்க சார். படம் பாக்கவா, கேம் ஆடவா?"

"வேலைக்கு" என்றாள் மனைவி. "அப்புறம் லாரி ஓட்ட."

விற்பனையாளர் மாஸ்டரை மரியாதையோடு பார்த்தார். "சார் டிரைவரா?"

"இல்ல தம்பி. நான்தான்."

கடையில் இருந்த எல்லா டிவியிலும் கிளிகள் பறந்துகொண்டிருந்தன. இந்தக் கிளிகள் எந்தக் காட்டிலும் வசிப்பதில்லை. டிவிக் கடைகளில் பொரிந்து, டிவிக் கடைகளிலேயே வாழ்கின்றன. மாஸ்டர் அட்டையை எடுத்து ஒரு கிளியின் இறக்கைக்குப் பக்கத்தில் பிடித்தார். கடையே திரும்பிப் பார்த்தது.

"இவ்வளவு பச்சையா இருந்தா அந்தக் கிளிக்கு ஏதோ வியாதி."

"அது கடைக்காக வச்ச நிறம் சார். வீட்டுல குறைச்சுக்கலாம்."

"கடையில ஒரு மூஞ்சி, வீட்டுல ஒரு மூஞ்சியா?"

இதற்குள் மனைவி மிகப் பெரிய, மிக மலிவான ஒரு டிவியில் தன் கேபிளைச் சொருகிவிட்டாள். 'ஹெச்டி ரெடி' என்று அதன் நெற்றியில் ஒட்டியிருந்தது. அறிவியல் பாடம் திரையில் வந்தது. எழுத்தெல்லாம் நனைந்த தாளில் எழுதியதுபோல விளிம்பு கலைந்து நின்றன.

"தூரத்துல இருந்து பாருங்க மேடம், நல்லா இருக்கும்."

"தூரத்துல இருந்து பாத்தா நீங்ககூட நல்லாத்தான் இருக்கீங்க தம்பி."

அடுத்தது அதைவிடச் சின்னது, ஆனால் ஃபுல் ஹெச்டி. எழுத்து ஒவ்வொன்றும் வெட்டி வைத்த மாதிரி நின்றது. மனைவி கண்ணை இடுக்கிக்கொண்டு நெருங்கினாள், விலகினாள், தலையாட்டினாள். பிறகு லாரியைக் கிளப்பினாள். விற்பனையாளர் ரிமோட்டை எடுத்து எதையோ அழுத்தினார். அவள் விசையைத் தட்டிய அந்த நொடியே வண்டி வளைந்தது. பல வாரங்களுக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. மாஸ்டர் அதைப் பார்த்தார். விலை, அளவு எல்லாம் அத்தோடு முடிவாகிவிட்டது. ஆனால் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

"ஏன் திடீர்னு சோகை புடிச்ச மாதிரி வெளுத்துப்போச்சு?"

"கேம் மோடு சார். படத்துக்கு மேக்கப் போட்டுக்கிட்டு நிக்காது. கையில அழுத்தினதும் அங்க தெரியணும்ல, அதுக்குத்தான்."

"வீட்டுக்குப் போய் நான் பாத்துக்கிறேன்" என்றார் மாஸ்டர். கிளிகள் கலவரமடைந்திருக்க வேண்டும்.

வீட்டில் மேசைமேல் இரண்டு காலி பெயிண்ட் டப்பாக்களைக் கவிழ்த்து, அதன்மேல் பலகை போட்டு, டிவியை மனைவியின் கண்ணுக்கு நேராக நிறுத்தினார். மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "அப்பாடா" என்றாள். இத்தோடு விட்டிருந்தால் இந்த வரலாறு இங்கேயே முடிந்திருக்கும். மாஸ்டர் விடவில்லை.

வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரையில் வரவழைத்தார். அட்டையில் 'தூய வெள்ளை' என்றிருந்த கட்டத்தை அதன் ஓரத்தில் பிடித்தார். "மஞ்சளடிக்குது. டிவி செஞ்சவனுக்கே வெள்ளைன்னா என்னன்னு தெரியல" என்று இரக்கப்பட்டு, நீலத்தைக் கூட்டத் தொடங்கினார். கூட்டினார், எழுந்து தள்ளி நின்று பார்த்தார், திரும்ப வந்து கூட்டினார். அந்தச் சாயங்காலம் போதவில்லை. மறுநாளும் கடையிலிருந்து வந்ததும் சட்டைகூட மாற்றாமல் ரிமோட்டோடு உட்கார்ந்தார். அறுவை சிகிச்சை முடித்தவர்போல எழுந்து, "வந்து பாரு. இப்பத்தான் வெள்ளை" என்றார்.

மனைவி பார்த்தாள். திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"நல்லா இருக்குங்க."

அதற்கு முன் இருந்த சின்ன மௌனத்தை மாஸ்டர் வியப்பு என்று எடுத்துக்கொண்டார்.

அன்றே லாரி பள்ளத்தில் விழுந்தது. மாஸ்டர் தம் வெள்ளையை சினிமா மோடில் வைத்திருந்தார். அதில் படத்துக்குத் தாராளமாக மேக்கப் நடந்தது. மனைவி திருப்பிய பிறகு லாரி சற்று யோசித்தது. யோசித்த இடத்தில் வளைவு இருந்தது.

"என்னடி, ரோடு உன் பக்கம் மட்டும் முடிஞ்சுபோச்சா?" என்று டிவிக்குள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது. காதில் மாட்டும் கருவி கழுத்துக்கு ஆகாது என்பதால் அக்கா இப்போது நடு வீட்டில் முழங்குவார்.

மனைவி கேம் மோடுக்கு மாற்றினாள். டீயோடு வந்த மாஸ்டர், "மறுபடியும் சோகையா?" என்று சினிமாவுக்கு மாற்றினார். அவர் கோப்பையைக் கழுவப் போனார்; கேம். துடைத்துவிட்டு வந்தார், சினிமா. லாரி மூன்றாம் முறை உருண்டபோது அக்கா நேரடியாகவே தலையிட்டார்.

"மாஸ்டர்! அழகா விழறதுக்கா வண்டி ஓட்டுறோம்?"

"நிறம் போயிடுது அண்ணி."

"இங்க சரக்கே போயிடுது!"

கடைசியில் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. மோடு கேம், நிறம் மாஸ்டருடையது. இன்னொரு சாயங்காலம் உட்கார்ந்து, அதே வெள்ளையை அங்கேயும் நிறுவினார். லாரி ஒழுங்காக வளைந்தது. மாஸ்டரின் வெள்ளை ராஜ்யம் முழுக்கப் பரவியது.

மனைவியின் கழுத்து தேறிவந்தது. விரல் மரமரப்புப் போனது. ஆனால் அடிக்கடி கண்ணைக் கசக்கினாள், நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "என்ன?" என்றால், "ஒண்ணுமில்ல, வேலை அதிகம்" என்பாள். மாஸ்டர் தைலம் எடுத்துக் கொடுத்தார்.

ஒரு நாள் கடையில் கலக்கும் இயந்திரம் மக்கர் செய்ததால் சீக்கிரமே வீடு திரும்பினார். கதவு சாத்தாமல் கிடந்தது. உள்ளே திரையில் மனைவியின் லாரி மழையில் சாலையோரமாக நின்றது. அதன் கண்ணாடி துடைப்பான் மட்டும் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது.

"ஏன்டி வண்டிய ஓரங்கட்டிட்ட?" என்றது அக்காவின் குரல்.

"பதிப்பகத்துல இருந்து போன் வந்துச்சுக்கா. அறிவியல் புத்தகம் மாதிரிக்கு அடிச்சுப் பாத்தாங்களாம். படத்துக்கெல்லாம் மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருக்காம், தவளையில இருந்து இதயம் வரைக்கும். இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குறோம்னு சொல்லிட்டாங்க."

"நீயா? நிறத்துல நீ தப்பு பண்ண மாட்டியே!"

"திரையில எல்லாமே நீலமா இருக்குக்கா. வெள்ளைப் பக்கமே நீலம். அதுக்கு ஈடுகட்டுறேன்னு நான் மஞ்சளக் கூட்டிக்கிட்டே போயிட்டேன் போல."

"டிவி கோளாறா?"

துடைப்பான் சிறிது நேரம் ஆடியது.

"டிவி நல்லாத்தான் இருக்கு. அவர் வச்ச நிறம்."

"மாத்தித் தொலைக்க வேண்டியதுதானே! ரிமோட்டு என்ன பெட்டகத்துலயா இருக்கு?"

"மாத்தினா ஏன்னு கேப்பார். என்னக்கா சொல்லட்டும்? உங்க கண்ணுக்கு வெள்ளை தெரியலைன்னா? அந்தக் கண்ணை நம்பித்தான் அந்த மனுஷன் தலைநிமிந்து நடக்கிறார்."

"அதுக்காக நீ வேலைய விட்டுடுவியா?"

"நிறம் போடுறத மட்டும் பழையபடி லேப்டாப்புல பாத்துக்கலாம்னு இருக்கேன்."

"குனிஞ்சா? கழுத்து என்னடி ஆகும்?"

மனைவி வண்டியைக் கிளப்பினாள்.

மாஸ்டர் வந்த சுவடு தெரியாமல் படியிறங்கினார். தெருமுனை வரை நடந்தார். முதலில் டிவி கம்பெனிமேல் கோபம் வந்தது, பிறகு அச்சகத்தின்மேல், பிறகு தவளைமேல். முனையில் கோபப்பட ஆள் தீர்ந்துபோகவே திரும்பினார். வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி இருமிவிட்டு உள்ளே போனார். அன்று நிறத்தைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் இல்லை என்றாள்.

மறுநாள் விடுமுறை. காலையில் அவள் காய்கறி வாங்கப் போனதும் மாஸ்டர் டிவியைப் போட்டு, வெள்ளைப் பக்கத்தை வரவழைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து உள்ளங்கையால் இடது கண்ணை மூடினார். வெள்ளை. குறை சொல்ல முடியாத வெள்ளை. மாஸ்டருக்கு மூச்சு வந்தது. கையை எடுத்து வலது கண்ணை மூடினார்.

திரை நீலமாக இருந்தது. துவைக்கிறவர் கவனமில்லாமல் நீலத்தைக் கொட்டிவிட்ட சட்டைபோல இருந்தது.

கையை மாற்றினார். வெள்ளை. மாற்றினார். நீலம். இரண்டு கண்களும் ஒரே தலையில் வாடகைக்கு இருந்துகொண்டு தனித்தனியாகக் கடை நடத்தின. எழுந்து போய் ஜன்னல் திரைச்சீலையைப் பார்த்தார். தாமே தேர்ந்தெடுத்த சாம்பல் நிறம். இடது கண்ணில் அது சாம்பலாகவே இருந்தது. வலது கண்ணில் யாரோ அதன்மேல் டீயைச் சிந்தியிருந்தார்கள். கடையில் கொஞ்ச நாளாக முதலாளி, "மாஸ்டர், எதுக்கும் இன்னொரு தரம் பாத்துடுங்க" என்று டப்பாக்களைத் திருப்பி அனுப்புவது நினைவுக்கு வந்தது. முதலாளிக்கு வயசாகிவிட்டது என்று எண்ணி அவர்மேல் பரிதாபப்பட்டிருந்தார்.

மனைவி பையோடு உள்ளே வந்தபோது மாஸ்டர் ரிமோட்டும் கையுமாக இருந்தார். அவள் முகம் சற்று வாடியது.

"இன்னும் ஏதாவது பாக்கி இருக்குதாங்க?"

"இங்க வந்து உக்காரு. நீ சொல்லு, நான் குறைக்கிறேன்."

"எதை?"

"நீலத்தை."

மனைவி பையைக் கீழே வைக்க மறந்து நின்றாள். "இப்ப என்ன, நல்லாத்தானே..."

"சொல்லும்மா."

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மாஸ்டர் ஒரு தட்டுத் தட்டினார். "இன்னும் கொஞ்சம்" என்றாள், கேட்காத குரலில். தட்டினார். "இன்னும்." ஒவ்வொரு தட்டுக்கும் அவருடைய சாயங்காலங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. திரை அவர் கண்ணில் பழுத்துக்கொண்டே வந்தது. கை மட்டும் நிற்கவில்லை.

"போதும்."

"வெள்ளையா?"

"வெள்ளை" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "உங்களுக்கு?" என்று கேட்டாள்.

மாஸ்டர் இரண்டு கண்ணையும் திறந்துவைத்துக்கொண்டு, நிதானமாக, ஒரு சில்லைப் பார்ப்பதுபோலவே பார்த்தார்.

"எனக்கு மஞ்சளாத் தெரியுது. அப்ப அது வெள்ளைதான்."

மனைவி சிரிக்கவில்லை. அவர் முழங்கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினாள். பிறகு காமாலை கண்ட தவளையைத் திரைக்கு வரவழைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, அதன் வயிற்றிலிருந்து மஞ்சளை எடுக்க ஆரம்பித்தாள். மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இந்த முதுகுக்கு எந்தப் பச்சை போடலாம்?" என்றாள், எப்போதும் கேட்கிற மாதிரியே.

அவர் வாயைத் திறந்தார். இலைப்பச்சை, பாசி, கிளி, கடல் என்று தொண்டை வரை நிறங்கள் வந்து வரிசையில் நின்றன.

"நீயே பாத்துப் போடு" என்று சொல்லிவிட்டு, கண் டாக்டரின் நம்பர் யாரிடம் இருக்கும் என்று கேட்க அக்காவுக்குப் போன் போட்டார்.